16:9 டிவியில் பழைய படம் குண்டாகத் தெரிகிறது, சில சேனல்களில் நாலு பக்கமும் கறுப்புப் பட்டை – எங்கே சரிசெய்வது?

காவிரிக்கரை (கேள்வி)

வீட்டில் 43 அங்குல 4கே எல்இடி டிவி. டிடிஎச் எச்டி பெட்டி எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறது, வெளியீடு 1080ஐ. பழைய டிவிடி பிளேயர் ஒன்று மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி கேபிளில் இருக்கிறது. பிரச்சினைகள் இவை:

ஒன்று, எச்டி சேனலில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் எல்லோர் முகமும் பூசணிக்காய் மாதிரி அகலமாகிவிடுகிறது. நடுவில் வரும் விளம்பரம் மட்டும் சரியாக இருக்கிறது. இரண்டு, ஒரு எஸ்டி சேனலில் மேலே, கீழே, இடது, வலது என்று நாலு பக்கமும் கறுப்பு. படம் நடுவில் சின்னதாக நிற்கிறது. மூன்று, செய்தி சேனலில் அடியில் ஓடும் எழுத்து பாதி வெட்டுப்படுகிறது. நான்கு, ஓடிடியில் புதுப் படங்களுக்கு மேலும் கீழும் பட்டை. அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை, "முழு டிவிக்கும் காசு கொடுத்திருக்கோமே" என்கிறார்.

டிவியில் பிக்சர் சைஸை 16:9, ஜூம், 4:3 என்று மாற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. ஒரே அமைப்பில் எல்லாம் சரியாக வர வழி உண்டா? கறுப்புப் பட்டை நாள்கணக்கில் நின்றால் திரைக்குக் கெடுதலா?

---

ஃப்ரேம் 24

உங்கள் நான்கு பிரச்சினைக்கும் காரணம் வேறு வேறு. அதனால்தான் ஒரே பட்டனால் தீரவில்லை. ஒரு படம் உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் மூன்று இடங்களில் அதன் வடிவத்தை மாற்ற முடியும்: சேனல் நிலையம், டிடிஎச் பெட்டி, டிவி. எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிக்காமல் டிவி ரிமோட்டை மட்டும் அழுத்துவதில் பயனில்லை.

கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். படத்தில் கேமராவுக்கு நேராக வரும் வட்டமான பொருள் ஒன்றில் நிறுத்துங்கள்: சுவர்க் கடிகாரம், வண்டிச் சக்கரம், கிராமஃபோன் தட்டு, முழுநிலா எதுவானாலும் சரி. அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அகலத்தை உயரத்தால் வகுங்கள். 1 வந்தால் வடிவம் சரி. 1.33 வந்தால் 4:3 (பழைய ட்யூப் டிவியின் அகல-உயர விகிதம்) படத்தை 16:9-க்கு (இன்றைய டிவியின் விகிதம்) இழுத்திருக்கிறார்கள். 0.75 வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். பக்கவாட்டில் பட்டை இருந்தால் 16:9 படத்தை 4:3-க்குள் அமுக்கியிருக்கிறது. பட்டையே இல்லாமல் முகம் ஒல்லியாகத் தெரிந்தால் ஸ்கோப் (டிவியைவிட அகலமான சினிமா அளவு) படத்தை மேலும் கீழும் இழுத்துத் திரையை நிரப்பியிருக்கிறார்கள்.

அடுத்து சேனலின் சின்னத்தை அளக்க வேண்டும், அது வட்டமாகவோ சதுரமாகவோ இருந்தால். படத்தின் வடிவத்தை முடிவு செய்த பிறகுதான் நிலையத்தில் சின்னத்தை மேலே பதிக்கிறார்கள். ஆகவே சின்னம் வட்டமாக இருந்து, படத்துக்குள் இருக்கும் சக்கரம் முட்டையாக இருந்தால் கோளாறு நிலையத்தில். சின்னமும் சேர்ந்து முட்டையானால் கோளாறு உங்கள் வீட்டில். விளம்பரம் சரியாகவும் படம் குண்டாகவும் தெரிகிறது என்று நீங்கள் சொல்வதும் அதே விடையைத்தான் காட்டுகிறது: பெட்டியும் டிவியும் குற்றமற்றவை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியை 1080-ல் வைத்தால் எச்டிஎம்ஐயில் போகும் சட்டகம் எப்போதும் 16:9 தான். உள்ளே இருப்பது 4:3 படமானால் பெட்டியே இரண்டு பக்கமும் கறுப்பைச் சேர்த்து அனுப்பிவிடுகிறது. டிவிக்கு அந்தக் கறுப்பும் படத்தின் ஒரு பகுதி. ஆகவே டிவியில் உள்ள "ஆட்டோ வைட்", "ஒரிஜினல்" போன்றவற்றுக்கு அங்கே வேலை கிடையாது. அவை 576 வரி எஸ்டி சிக்னல் நேராக வரும்போதுதான் பயன்படும், ஏனென்றால் அந்த சிக்னல் 4:3 ஆகவும் இருக்கலாம், 16:9 ஆகவும் இருக்கலாம், எது என்ற குறிப்பு கூடவே வரும்.

சில பெட்டிகளில் வெளியீட்டை "ஆட்டோ" அல்லது "நேட்டிவ்" என்று வைத்தால் எஸ்டி சேனலை எஸ்டியாகவே டிவிக்குத் தரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எஸ்டியிலிருந்து எச்டிக்கு மாறும்போதெல்லாம் டிவி ஒன்றிரண்டு விநாடி கறுத்துத் திரும்ப வரும். சேனல் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் அது பெரிய தொல்லை. 1080ஐ என்றே நிலையாக விட்டுவிடுங்கள்.

---

மின்கம்பி

மேலே சொன்னதை ஒட்டி, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். தொடங்கும் இடம் பெட்டி.

பெட்டி மெனுவில் டிவி வகை அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்தில் 16:9 தேர்வு செய்யுங்கள். பழைய ட்யூப் டிவி காலத்தில் 4:3 என்று வைத்தது அப்படியே கிடக்கும் வீடுகள் ஏராளம். அதற்குக் கீழேயே 4:3 நிகழ்ச்சியை எப்படிக் காட்டுவது என்று கேட்கும் பெட்டிகளும் உண்டு. அங்கே "ஸ்ட்ரெச்", "ஃபுல்" இரண்டும் வேண்டாம். "பில்லர்பாக்ஸ்", "நார்மல்", "ஒரிஜினல்" என்ற பெயர்களில் ஒன்று இருக்கும், அதுதான் வேண்டும். ரிமோட்டில் தனியாக ஒரு ஆஸ்பெக்ட் பட்டன் இருந்தால், குழந்தைகள் கைபட்டு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதன்பிறகு டிவிக்கு வாருங்கள். பிக்சர் சைஸை 16:9-ல் வைத்துவிட்டு ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். செய்தி எழுத்து வெட்டுப்படுவதற்குக் காரணம் அதுதான். ட்யூப் டிவியில் படத்தின் ஓரம் நேராக நிற்காது என்பதால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் சட்டத்துக்கு வெளியே தள்ளிக் காட்டுவார்கள். தட்டையான திரைக்கு அது தேவையே இல்லை, இருந்தும் பல டிவிகளில் எச்டிஎம்ஐக்குக்கூட அது தொடக்கத்திலேயே போட்டு வருகிறது. பக்கத்துக்கு 3 சதவீதம் என்றாலே 1080 வரியில் மேலே 32, கீழே 32 வரி போய்விடும். மிச்சத்தை இழுத்து 1080 ஆக்குவதால் முழுப் படமும் லேசாக மங்கும். எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்" ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் பிக்சர் சைஸ் செட்டிங்ஸுக்குள் "ஃபிட் டு ஸ்க்ரீன்" ஆன். சோனியில் "டிஸ்ப்ளே ஏரியா" என்பதை "ஃபுல் பிக்சல்" ஆக்குங்கள். சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருந்தால், பிக்சர் சைஸ் ஜூமிலோ 4:3-லோ நிற்கிறதா என்று பாருங்கள். 16:9-க்கு வந்த பிறகுதான் அது திறக்கும் மாடல்கள் உண்டு.

சோனியில் "வைட் ஜூம்" என்று ஒன்று இருக்கிறது, மற்ற கம்பெனிகளிலும் வேறு பெயரில் உண்டு. அதை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். நடுப்பகுதியை ஓரளவு விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் அதிகமாக இழுக்கும். ஒருவர் நடுவில் நிற்கும்போது சரியாகத் தெரிவார், ஓரத்துக்கு நடந்து போகப் போக உடம்பு பெருக்கும்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். பிக்சர் சைஸ் எச்டிஎம்ஐ 1-க்குத் தனி, ஏவிக்குத் தனி, டிவிக்குள் இருக்கும் ஆப்களுக்குத் தனி. பெட்டி செருகியிருக்கும் எச்டிஎம்ஐ இணைப்பு திரையில் ஓடும்போது மாற்றுங்கள்.

டிவிடி பிளேயரிலும் இதே வேலை இருக்கிறது. செட்டப் மெனுவில் 4:3 பிஎஸ் (பக்கங்களை வெட்டுவது), 4:3 எல்பி (மேலும் கீழும் பட்டை வைப்பது), 16:9 என்று மூன்று இருக்கும், 16:9-ஐத் தேர்வு செய்யுங்கள். டிஸ்க் ஓடும்போது பல பிளேயர்களில் இது மாறாது, முழுவதும் நிறுத்திவிட்டு மெனுவுக்குப் போங்கள். 4:3 எல்பியில் விட்டால் அகலத்திரை டிவிடியின் 576 வரியை பிளேயர் 432 ஆகச் சுருக்கி, மேலும் கீழும் கறுப்பு சேர்த்து அனுப்பும். நீங்கள் அதை டிவியில் ஜூம் செய்தால் படம் நிரம்பும், தெளிவு திரும்பி வராது.

---

காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. ஜஸ்ட் ஸ்கேன் போட்டதும் செய்தி எழுத்து முழுதாக வந்துவிட்டது. பெட்டியில் 4:3 என்றே இருந்தது, 16:9 ஆக்கினேன். டிவிடியும் சரி.

அளந்தும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு வண்டிச் சக்கரம் அகலம் 24 செ.மீ., உயரம் 18. சேனல் சின்னம் 4-க்கு 4. ஆக நிலையத்தில்தான் இழுத்திருக்கிறார்கள். இதற்கு என்னால் ஏதும் செய்ய முடியுமா?

நாலு பக்கப் பட்டை சேனல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. படம் அகலம் 71 செ.மீ., உயரம் 40. சேனல் சின்னம் படத்துக்கு மேலே இருக்கும் கறுப்பில் நிற்கிறது.

---

ஃப்ரேம் 24

24-க்கு 18 என்றால் சரியாக 1.33. இந்த ஒன்றை முழுமையாகத் திருப்ப முடியும். அந்தப் படம் ஓடும்போது மட்டும் டிவி பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்கள். டிவி 16:9 சட்டகத்தைப் பக்கவாட்டில் முக்கால் அளவுக்கு அமுக்கும், 24 செ.மீ. சக்கரம் 18 ஆகிவிடும். நிலையம் வெறுமனே இழுத்ததுதான், எதையும் வெட்டவில்லை என்பதால் எதுவும் தொலையவில்லை. சின்னமும் விளம்பரமும் அப்போது ஒல்லியாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓவர்ஸ்கேன் 4:3-ல் திரும்ப வருகிறதா என்று ஒருமுறை ஓரங்களைப் பாருங்கள்.

இழுக்காமல் வெட்டிப் போடும் சேனல்களும் உண்டு. 4:3 படத்தை அகலத்துக்குப் பெருக்கி, மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் கால் பங்கை எறிந்துவிடுவார்கள். சக்கரம் வட்டமாகவே அளக்கும். ஆனால் நெற்றி வெட்டுப்படும், டைட்டிலில் முதல் வரியும் கடைசி வரியும் பாதி போயிருக்கும், நடனக் காட்சியில் பாதம் இருக்காது. அதற்கு எந்த டிவியிலும் மருந்து இல்லை. இழுத்தது இழப்பில்லாமல் திரும்பும், வெட்டியது திரும்பாது. என் கணிப்பில் குண்டு முகத்தைவிட இதுதான் பெரிய அநியாயம், பார்ப்பவர்களில் பலருக்கு நடந்ததே தெரியாது.

நாலு பக்கப் பட்டை: 71-க்கு 40 என்பது 16:9. உங்கள் திரை 95-க்கு 53.5. நிலையத்தில் 16:9 படத்தை 4:3 சட்டகத்துக்குள் மேலும் கீழும் பட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள், பெட்டி அதற்கு இரண்டு பக்கமும் பட்டை சேர்க்கிறது. திரையின் பரப்பில் 56 சதவீதம்தான் படம். சின்னம் கறுப்பில் நிற்பதே பட்டை நிலையத்தில் வந்தது என்பதற்குச் சான்று.

இங்கே ஜூம் சரியான கருவி. இரண்டு திசையிலும் ஒரே அளவில், 1.33 மடங்கு பெருக்கினால் 71 செ.மீ. 95 ஆகும், 40 செ.மீ. 53.5 ஆகும், விளிம்போடு விளிம்பு பொருந்தும். எல்ஜியில் "ஆல் டைரக்‌ஷன் ஜூம்", சோனியில் "ஜூம்", சாம்சங்கில் "கஸ்டம்". பெட்டி ரிமோட்டிலேயே ஜூம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், சேனல் மாற்றியதும் திரும்ப இயல்புக்கு வரும் பெட்டிகள் உண்டு. சின்னம் வெளியே போய்விடும், போகட்டும். படம் மங்கலாக இருக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது 432 வரிதான்.

---

வெள்ளித்திரை

அப்பாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு. டிவியின் அகலம் 1.78 மடங்கு. உங்கள் 95 செ.மீ. அகலத் திரையில் ஸ்கோப் படம் சுமார் 40 செ.மீ. உயரம் வரும், மேலே 7, கீழே 7 கறுப்பு. இதைக் கோளாறாக நினைக்க வேண்டாம், ஒளிப்பதிவாளர் சட்டகம் கட்டிய அளவே அதுதான். 1.85 அளவில் எடுத்த படத்துக்கு மேலும் கீழும் தலா 1 செ.மீ. தான் வரும். ஓடிடி தொடர்கள் பல 2:1-ல் வருகின்றன, அதற்கு 3 செ.மீ. படத்துக்குப் படம் பட்டை மாறுவது இதனால்தான். டிவியை வைத்து அதைச் சமமாக்க நினைக்க வேண்டாம்.

ஜூம் செய்தால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குக் காட்டுங்கள். 40 செ.மீ. உயரத்தை 53.5 ஆக்கினால் அகலம் 128 செ.மீ. ஆக வேண்டும். திரை 95 தான். ஒவ்வொரு பக்கமும் 16 செ.மீ. வெளியே. இடது ஓரத்தில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர் நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்குகள் மட்டும் மிஞ்சும். ஒருவர் பேச இன்னொருவர் மௌனமாகக் கேட்கும் முகபாவம்தான் அந்தக் காட்சி என்றால், காட்சியே போச்சு. சப்டைட்டில் கீழ்ப் பட்டையில் வந்தால் அதுவும் காணாமல் போகும்.

ட்யூப் டிவி நாளில் இதைவிட மோசம். ஸ்கோப் படத்தை 4:3-ல் முழுத்திரையாகப் போட அகலத்தில் 44 சதவீதம் எறிந்தார்கள். பட்டையோடு வந்த விசிடியில் 288 வரியில் படத்துக்குக் கிடைத்தது சுமார் 160 வரி. இன்றைக்கு முழு அகலமும் எச்டி தெளிவில் வீட்டுக்கு வருகிறது. அதை நாமே வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய படத்துக்கு ஏன் பக்கப் பட்டை, புதுப் படத்துக்கு ஏன் மேல் பட்டை என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு. 1930-களிலிருந்து பேசும் படங்களின் அளவு 1.37. டிவி வந்தபோது அதையொட்டி 4:3, அதாவது 1.33 என்று அமைந்தது. டிவியோடு போட்டி போட 1953-ல் ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் இரண்டு மடங்கு அமுக்கும் லென்ஸில் எடுத்து, தியேட்டரில் விரிப்பார்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த "ராஜராஜ சோழன்". ஆகவே 50-கள், 60-களின் தமிழ்ப் படம் எதுவானாலும் முழுத்திரையை நிரப்பி வந்தால், இழுத்திருக்கிறார்கள் அல்லது வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 73-க்குப் பிறகும் பல வருடம் இரண்டு அளவிலும் படங்கள் வந்தன, அவற்றை அளந்துதான் சொல்ல முடியும்.

16:9 இவற்றுக்கு இடைப்பட்ட ஏற்பாடு. 1980-களில் அமெரிக்காவின் எஸ்எம்பிடிஇ (திரைப்பட, டிவி பொறியாளர் சங்கம்) குழுவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் புழக்கத்தில் இருந்த எல்லா அளவுகளையும் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் சூழும் வெளிச் செவ்வகமும் எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் 1.77 அருகில் வந்தன. 4:3 படம் 16:9 திரையில் 75 சதவீதப் பரப்பைப் பிடிக்கிறது, ஸ்கோப்பும் ஏறக்குறைய 74. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அழகான கணக்கு.

பட்டை கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அது கறுப்பாக இல்லாமல் சாம்பலாக ஒளிர்வதால். இரவில் பேக்லைட்டைக் குறையுங்கள், லோக்கல் டிம்மிங் (இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் குறைப்பது) இருந்தால் ஆன் செய்யுங்கள். டிவிக்குப் பின்னால் சுவரில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். அதோடு அப்பாவின் நாற்காலியை ஓர் அடி முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

---

மின்கம்பி

திரைக்குக் கெடுதலா என்ற கேள்வி விட்டுப்போனது. உங்களுடையது எல்இடி விளக்குள்ள எல்சிடி திரை, பட்டை எத்தனை மணி நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகாது. ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கறுப்பாக இருக்கும் இடம் தேயாது, படம் ஓடும் நடுப்பகுதி தேயும். மாதக்கணக்கில் தினமும் பல மணி நேரம் 4:3 மட்டுமே ஓடினால் பின்னால் வெள்ளைத் திரையில் இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியலாம். முழுத்திரை நிகழ்ச்சிகளும் கலந்து ஓடினால் பயமில்லை.

டிவி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 29 அங்குல ட்யூப் டிவியில் கண்ணுக்குத் தெரிந்தது மூலைக்கு மூலை 68 செ.மீ., அதன் உயரம் சுமார் 41. 32 அங்குல 16:9 டிவியின் உயரம் 40 செ.மீ. கூட இல்லை. பழைய படத்தைச் சரியான வடிவில் பார்த்தால் முன்னைவிடச் சின்னதாகத்தான் தெரியும். பழைய படப் பிரியர்கள் 43-க்குக் கீழே போக வேண்டாம். அதில் 4:3 படமே 35 அங்குல அளவுக்கு வரும்.

---

காவிரிக்கரை

4:3 போட்டதும் சக்கரம் 18-க்கு 18. ஜூமில் அந்த எஸ்டி சேனலும் திரை முழுக்க நிரம்பிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: பென் டிரைவில் இருக்கும் சில பழைய படக் கோப்புகளும் இழுத்தே பதிந்திருக்கின்றன. டிவியின் பிளேயரில் பிக்சர் சைஸ் மெனுவே திறக்கவில்லை.

---

ஃப்ரேம் 24

உள்ளே இருக்கும் பிளேயரிலும் ஆப்களிலும் பல டிவிகள் அந்த மெனுவைப் பூட்டிவிடும். கோப்பிலேயே திருத்திவிடுங்கள், மறுபடி என்கோட் செய்யத் தேவையில்லை. கணினியில் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, வீடியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் ஆஸ்பெக்ட் ரேஷியோ கட்டத்தில் 4/3 என்று எழுதிப் புதுக் கோப்பாக எடுங்கள். படத்தின் ஒரு புள்ளிகூட மாறாது, எப்படி விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் மாறும். கோப்பை நகலெடுக்க ஆகும் நேரம்தான் ஆகும்.

முதலில் விஎல்சியில் திறந்து, விசைப்பலகையில் ஏ எழுத்தை அழுத்தி அழுத்தி 4:3-க்கு வந்து சக்கரத்தை அளந்து பாருங்கள். கோப்புக்குள்ளேயே கறுப்புப் பட்டை பதிந்திருந்தால் 4/3 என்று எழுதக் கூடாது, கணக்கு வேறாகும். அப்படி ஏதாவது இருந்தால் வீடியோவின் பிக்சல் அகலம், உயரம், ஒரு வட்டத்தின் அளவு மூன்றையும் இங்கே போடுங்கள், எண்ணைச் சொல்கிறேன். சில டிவிகளின் பிளேயர் அந்தக் குறிப்பைப் படிக்காது. அப்போது ஆண்ட்ராய்டு டிவியானால் விஎல்சி ஆப், அதுவும் இல்லையென்றால் மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ.